மருமகனின் பழக்கஞ்சி

மச்சான் என் ராத்தாவை, அதாவது அக்காவை, கட்டிக்கொண்டு கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்த நாலாம் நாள். சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியில் இருந்து வந்தவர், யாரையும் கேட்காமல் நேரே குசினிக்குள் போனார். கையில் ஒரு பிளெண்டர். உம்மா அங்கே இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். மருமகன் உள்ளே வருவதைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்கதவால் இறங்கிக் கிணற்றடியில் போய் நின்றுவிட்டார். உள்ளே 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அடுப்பில் இடியப்பம், இறக்க ஆளில்லை. அன்று நாங்கள் சாப்பிட்டது இடியப்பமா களியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"என்ன மகன் அது சத்தம்?" என்று உம்மா கிணற்றடியில் நின்றபடியே என்னைக் கேட்டார்.

"மச்சான் பழம் அடிக்காரு உம்மா."

"என்னத்துக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்தவரை எப்படி வைத்துப் பார்க்கிறார்கள் என்பதில்தான் அந்த வீட்டின் மானம் இருக்கிறது. விடிந்தால் மேசை நிறைய வேண்டும்: பிட்டு, இடியப்பம், முட்டை ரொட்டி, இறைச்சி ஆணம் என்கிற குழம்பு, சம்பல், சீப்போடு கதலிப்பழம். மாப்பிள்ளை வாய் திறந்து குறை சொல்லமாட்டார். மனதில் ஏதும் இருந்தால் சாப்பாட்டைக் குறைப்பார். இன்னும் கூடினால் காலைச் சாப்பாட்டுக்குத் தன் உம்மா வீட்டுக்குப் போய் வருவார். அதற்குப் பிறகு கதைக்க வேண்டியதை ஊர் கதைக்கும். ஆனால் பெண் வீட்டிலேயே இருந்துகொண்டு, பெண் வீட்டுக் குசினியிலேயே தன் காலைச் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும் மாப்பிள்ளையை எங்கள் ஒழுங்கைத் தெருவில் யாரும் கண்டதில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று உம்மாவுக்கு விளங்கவில்லை.

மச்சானுக்கு ஊர் நிந்தவூர். கத்தாரில் ஆறு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் ஜூஸ் பகுதியில் நின்றவர். ஊர் திரும்புகிற மற்றவர்கள் டீவியும் சென்ட் போத்தலும் கொண்டு வருவார்கள். இவர் அந்தப் பிளெண்டரை மடியில் வைத்துக்கொண்டு பிளேனில் வந்தாராம். நல்ல வேலையை ஏன் விட்டுவிட்டு வந்தார் என்று வாப்பா ஒருமுறை கேட்டதற்கு, "கொரோனாக் காய்ச்சலோட சரியாப் போச்சி மாமா" என்றார். கொரோனாவில் ஆயிரம் பேருக்கு வேலை போனது, அதில் இவரும் ஒருவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவர் பழம் அடிப்பதைப் பார்க்க வேண்டும். மூன்றே நிமிஷம். எல்லா வேலையும் முதல் நாளே முடிந்திருக்கும். நாவிதன்வெளிப் பக்கமிருந்து வரும் பப்பாசியையும் கதலியையும் துண்டு போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு பை என்று சின்னப் பொலித்தீன் பைகளில் தட்டையாகப் பரப்பி, பிரிட்ஜின் மேல் ஐஸ்தட்டில் அடுக்கிவிடுவார். காலையில் ஒரு பையைப் பிரித்துக் கல்லுப் போலக் கிடக்கும் பழத்தைக் கொட்டுவார். வீரமுனைத் தயிர்க்காரர் சைக்கிளில் கொண்டு வரும் எருமைத் தயிர் ரெண்டு கரண்டி. ஊறவைத்த பேரீச்சம்பழம் மூன்று. ஒரு நகக்கண் இஞ்சி. சீனி கிடையாது, தண்ணீர் கிடையாது.

"தண்ணி ஊத்தினா அது ஜூஸ். ஊத்தாட்டித்தான் ஸ்மூதி," என்பார். "ஜூஸ் தொண்டைக்குள்ள ஓடிரும். இது வாய்க்குள்ள நிக்கும்."

பிளெண்டரின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தலையைச் சரித்துக் கேட்பார். முதலில் கட்டை அடிபடுகிற சத்தம், பிறகு இழுபடுகிற சத்தம், கடைசியில் ஒரு மெல்லிய உறுமல். அந்த உறுமல் வந்ததும் நிறுத்திவிடுவார். கரண்டியால் தொட்டு ருசி பார்த்ததை நான் ஒருநாளும் காணவில்லை. கைதேர்ந்தவருக்கு ருசி பார்க்கத் தேவையில்லையாக்கும் என்று வியந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நானே மருதமுனையில் இன்னொரு வீட்டு மாப்பிள்ளை. என்னிடமும் ஒரு பிளெண்டர் இருக்கிறது. மாமியார் வெளியே போன நாட்களில் மட்டும் குசினிக்குள் போய் அடிக்கிறேன். எனக்கு அவ்வளவுதான் துணிவு.

நான் அப்போது பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறவனுக்கு அடுத்தவர் விஷயத்தில் இருக்கிற அக்கறை வேறு யாருக்கு இருக்கும்? காலையில் சத்தம் கேட்டதும் எழும்பிப் போய்க் குசினிக் கதவில் சாய்ந்துகொள்வேன். மச்சான் எனக்கும் அரைக் கிளாஸ் ஊற்றுவார்.

"கண்ண மூடுங்க. குடிங்க. இப்ப சொல்லுங்க, என்ன விளங்குது?"

"நல்லா இரிக்கி மச்சான்."

"நல்லா இரிக்கி எண்டா எனக்கு எப்பிடி விளங்கும்? எப்பிடி நல்லா இரிக்கி? முதல் என்ன வருது, மறுகா என்ன வருது?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. முதலில் பப்பாசி வருகிறது, நடுவில் தயிர்ப் புளிப்பு, விழுங்கின பிறகு இஞ்சி மூக்கால் ஏறுகிறது, பேரீச்சம்பழம் கடைசி வரைக்கும் மறைந்தே நிற்கிறது என்றெல்லாம் சொல்லப் பழகினேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்து ஊரில் இருந்து ஃபோன் வந்தால் வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்களே, அந்த முகம். நான் சொல்லி முடித்ததும் தன்னுடைய கிளாஸை எடுத்து மெல்ல ஒரு வாய் குடிப்பார்.

சந்தையிலும் இதே கதைதான். விளாம்பழத்தைத் தட்டிப் பார்ப்பார், காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார், கடைசியில் என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "மணம் எப்பிடி?"

"நீங்களே மணந்து பாருங்களேன்."

"உங்கட மூக்கு நல்ல மூக்கு," என்பார்.

என் மூக்கைப் பற்றி அதற்கு முதல் யாரும் நல்லது சொன்னதில்லை. ஆகவே நானும் பெருமையோடு மணந்து சொல்லிவிட்டு வந்தேன். ஒருநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் கான் உடைத்துக்கொண்டு ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. மச்சான் அந்தக் கானுக்குப் பக்கத்தில் நின்று பழைய கூட்டாளி ஒருவரோடு கால்மணி நேரம் கதைத்தார். கூட்டாளி சேர்ட்டால் மூக்கை மூடிக்கொண்டே பதில் சொன்னார். என்ன மனுஷன் இவர், கூட்டாளிக்காக நாற்றத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு மரியாதைதான் கூடியது.

உம்மாவுக்கு மட்டும் நாளுக்கு நாள் முகம் சுருங்கிக்கொண்டு வந்தது. மருமகனுக்கு முன்னால் நேரே வந்து கதைக்க உம்மாவுக்குக் கூச்சம். இந்தக் காலத்தில் பலர் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள், உம்மா விடவில்லை. குசினி வாசலில் தொங்கும் சீலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைத்தான் தூது விடுவார்.

"மருமகனுக்கு இன்னும் ரெண்டு ரொட்டி வைக்கட்டா எண்டு கேளு மகன்."

"போதும் எண்டு சொல்லுங்க," என்பார் மச்சான், சீலையைப் பார்த்தபடி.

நான் வாயைத் திறக்கவே தேவையில்லை, ஒருவர் கதைப்பது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் நடுவில் இருக்க வேண்டும். மத்தியானமும் இரவும் மச்சான் மேசையில் இருந்து சாப்பிடுவார். அளந்து எடுத்த மாதிரி ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. எழும்பும்போது ஒரே குரலில், "நல்லா இரிக்கி மாமி." நாட்டுக்கோழி ஆக்கினாலும் அதுதான், பருப்பும் கருவாடும் ஆக்கினாலும் அதுதான்.

எங்கள் ஒழுங்கையில் கலியாணம், கந்தூரி என்றால் பெரிய சட்டியில் உப்புப் பார்க்க உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் அரைக் கை" என்றால் அரைக் கைதான். அப்படிப்பட்டவரின் ஆணத்துக்கு முன்னால் இருந்துகொண்டு ஒருவர் அறிவிப்பாளர் மாதிரி ஒரே வசனத்தைச் சொன்னால் எப்படி இருக்கும்?

"நோம்புக்குக் கஞ்சி குடிக்கிறத்த கண்டிரிக்கன். வருத்தக்காரனுக்குக் கஞ்சி குடுக்கிறத்த கண்டிரிக்கன். விடிஞ்சாப் பழத்தில கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற மாப்பிளைய இப்பத்தான் காணுறன்," என்று உம்மா வாப்பாவிடம் புறுபுறுத்தார். "அவருக்கு எங்கட வீட்டில என்னமோ பிடிக்கல்ல."

"மனுஷன் பழம் சாப்பிட்டாக் குத்தமா?" என்றார் வாப்பா.

"பழம் இல்ல பிரச்சினை. என்ட பிட்டுத்தான் பிரச்சினை."

நாலாம் மாதம் ஒரு வியாழக்கிழமை எல்லாம் உடைந்தது. உம்மா இறைச்சி ஆணத்துக்கு உப்புப் போட்டுவிட்டுத் தொழப் போயிருக்கிறார். உம்மா மறந்துவிட்டார் என்று நினைத்து ராத்தாவும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டார். மேசையில் முதல் வாய் வைத்த வாப்பா அப்படியே எழும்பிப் போய்த் துப்பினார். நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மச்சான் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு வழக்கமான அளவு சாப்பிட்டு முடித்தார், விரலையும் வழித்தார்.

"நல்லா இரிக்கி மாமி."

கொஞ்ச நேரம் கழித்து நான் உள்ளே போனபோது உம்மா சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார்.

"அந்த ஆணத்தையும் நல்லா இரிக்கி எண்டு சொல்றாரே மகன். அப்ப இந்த நாலு மாசமும் சொன்னது முழுக்கப் பொய்தானே? ஒரு நாளாவது மனசறிஞ்சி சொன்னாரா? என்ன குறை வெச்சம் நாங்க?"

அன்று பின்னேரமே உம்மா தன் காக்காவைக் கூப்பிட்டுவிட்டார். அவர் எங்களுக்குப் பெரிய மாமா. சனிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய மாமாவும் வாப்பாவும் நிந்தவூருக்குப் போய், மாப்பிள்ளையின் உம்மாவிடம் "உங்கட மகனுக்கு எங்கட வீட்டில என்ன குறை?" என்று முறையாகக் கேட்டு வருவது என்று முடிவானது. ஓட்டோ ஓட்டுவது நான். ராத்தா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பெரியவர்கள் போய்க் கேட்டுவிட்டால் அது வழக்காகிவிடும், அங்கிருந்து ஒரு சொல் கூடக்குறைய வந்தால் தன் வாழ்க்கைதான் போகும் என்று அழுதார். உம்மா கேட்கவில்லை. மச்சானுக்கு இது எதுவும் தெரியாது.

சனிக்கிழமை விடியக்காலையில் வழக்கம் போலப் பிளெண்டர் சத்தம். நான் இரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை. எழும்பிப் போனேன். குசினி பல்ப் எரிந்துபோயிருந்தது, யன்னலால் வந்த மங்கல் வெளிச்சம்தான். மச்சான் முதலில் தன் கிளாஸில் பாதியைக் குடித்துவிட்டு, எனக்கு அரைக் கிளாஸ் நீட்டினார்.

"கண்ண மூடுங்க. இண்டைக்கி வாழப்பழம் மட்டும்தான். சொல்லுங்க பாப்பம்."

கண்ணை மூடி ஒரு வாய் குடித்தேன். அடுத்த நொடி கழுவுகிற தொட்டிக்குள் துப்பினேன். கண்ணால் தண்ணீர் வந்தது.

"மச்சான், வெள்ளப்பூடு! முழுக்க வெள்ளப்பூடு!"

உம்மா மச்சானின் பழக்கஞ்சியை எவ்வளவு ஏசினாலும், தட்டையாகப் பரப்பி வைக்கும் அந்தப் பொலித்தீன் பை வேலை அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. இஞ்சியும் வெள்ளைப்பூடும் அரைத்து, அதே கடையில் அதே பைகள் வாங்கி, அதே தட்டில் அடுக்கியிருந்தார். அரை வெளிச்சத்தில் பார்த்தால் உறைந்த கதலி மாதிரியேதான் இருக்கும்.

மச்சான் தன் கிளாஸைப் பார்த்தார். அதில் பாதி இல்லை. பிறகு அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் நன்றாக இழுத்து மணந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கிளாஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உப்பு ஆணம், விளாம்பழம், உடைந்த கான் எல்லாம் எனக்கு ஒன்றாக வந்து விழுந்தது.

"மச்சான், உங்களுக்கு ஒண்டும் விளங்கிறல்லயா?"

"ஒண்டரை வருஷம்," என்றார். "காய்ச்சல் வந்தப்ப போனது. மணமும் இல்ல, ருசியும் இல்ல, உறைப்பும் இல்ல. ஜூஸ் பகுதியில நிக்கிறவனுக்கு ருசி தெரியாட்டி அங்க என்ன வேலை? அனுப்பிட்டாங்க. வந்திரும் வந்திரும் எண்டு டொக்டர்மார் சொன்னாங்க. வரும் எண்டு நினைச்சித்தான் கலியாணத்துக்கும் ஓம் எண்டு சொன்னன்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பிட்டு எனக்கு மண் மாதிரி மச்சான். இறைச்சி பஞ்சு மாதிரி. இது ஒண்டுதான் குளிரும், வாய்க்குள்ள கனக்கும். சாப்பிடுறன் எண்டு ஒரு உணர்வு வரும். நீங்க சொல்லச் சொல்லக் குடிச்சா, பப்பாசி எப்பிடி இரிந்த எண்டு கொஞ்சம் ஞாபகம் வரும். உங்கட ராத்தா சென்ட் பூசிட்டு வந்து எப்பிடி எண்டு கேக்கா. நான் நல்லா இரிக்கி எண்டு சொல்றன். வேற என்னத்த சொல்ல?"

பத்து மணிக்கு யார் யார் எங்கே போகிறார்கள் என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தன்னுடைய 'நல்லா இரிக்கி' உம்மாவைக் குத்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தே இருக்கவில்லை. மாமியாரைச் சந்தோஷமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

உம்மாவும் ராத்தாவும் முன் அறையில் இருந்தார்கள். மச்சான் சீலைக்குக் கிட்டப் போய் நின்றார். நான் வழக்கம் போல நடுவில் நிற்கப் போனேன், கையால் என்னை விலக்கினார்.

"மாமி, நீங்க ஆக்கின எதையும் நான் இண்டைக்கி வரைக்கும் ருசி பாத்ததில்ல. ருசி பாக்க எனக்கு ஏலாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சீலைக்கு அந்தப் பக்கம் ராத்தா விம்முவது கேட்டது.

"அப்ப அந்த வியாழக்கிழம ஆணம்?" என்றார் உம்மா.

"எனக்கு வெந்நி மாதிரி மாமி."

"அல்லாவே, அதுல கிடந்த உப்புக்கு! வயித்துக்கு ஒண்டும் செய்யல்லயா மகன்?"

"இல்ல மாமி." மச்சானின் குரல் உடைந்தது. "எங்கட உம்மாவுக்கு இது தெரியாது. குறை இல்லாத மாப்பிளை எண்டு சொல்லித்தான் அவ இந்தக் கலியாணம் கதைச்சா. இப்ப கேள்விப்பட்டா, பொய் சொல்லிக் கட்டிக்குடுத்த எண்டு ஊர் அவவத்தான் சொல்லும். இது இந்த வீட்டோட நிண்டாக் காணும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய மாமாவைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். பெரிய மாமாவிடம் காலையில் ஒன்று சொன்னால் மஃரிப் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் வரைக்கும் போய்விடும். சும்மா "வேண்டாம்" என்றால் அவர் விடமாட்டார், தனியாகவே நிந்தவூருக்குப் போய் விசாரித்து வருவார். அப்படி ஒரு நல்ல மனது.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முந்தியே வந்துவிட்டார். வெள்ளைச் சேர்ட், தொப்பி, கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி.

"எங்க மச்சான், வெளிக்கிட்டாச்சா?" என்று வாப்பாவைக் கூப்பிட்டார். "இண்டைக்கி ஒண்டில் ரெண்டு பாத்துட்டு வாறம்."

உம்மா முன்வாசலுக்கு வந்தார்.

"போகத் தேவல்ல காக்கா."

"ஏன்?"

"பிழை மருமகனில இல்ல. என்ட கைதான் இப்ப சரியில்ல. உப்புத் தெரியிறல்ல, உறைப்புத் தெரியிறல்ல. வியாழக்கிழம ஆக்கின ஆணத்த வாயில வைக்க ஏலாம இரிந்த. அந்தப் புள்ள நாலு மாசமா வாயத் திறக்காம சாப்பிட்டிரிக்கி. வேற ஒண்டும் இல்ல."

வாப்பா முப்பது வருஷமாக அந்தக் கையால் சாப்பிட்டவர். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். உம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், வாப்பா வாயை மூடிக்கொண்டார். பெரிய மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார், பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"இதுக்கா என்ன வெள்ளச் சேர்ட் போட வெச்ச? வயசு போனா எல்லாருக்கும் வாறதுதான். இனிக் கலியாண வீட்டுச் சட்டியெல்லாம் வேற ஆளப் பாக்கச் சொல்லிரணும், என்ன?"

"ஓம் காக்கா," என்றார் உம்மா.

வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா? மத்தியானம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். அன்று உம்மா மீன் ஆணம் ஆக்கினார். அதில் உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரிய மாமா ரெண்டாம் தரமும் சோறு போட்டுக் குழைத்துக்கொண்டே, "பாவம், கை இப்பிடிக் கெட்டுப் போச்சே" என்றார். மச்சான் தலையைக் குனிந்தபடி இருந்தார், அவருக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா "ஓம்" என்று சொல்லி, காக்காவின் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினார்.